சமதளமான பாதை

(நமது மருத்துவமனையின் சென்னை நண்பர்கள் ஏழை நோயாளர் நிதிக்காக மேற்கொண்ட நடைப் பயணத்தை அடுத்து நடைபெற்ற ஸ்தோத்திரக் கூட்டத்தில், மருத்துவமனைக் குருவானவர் ஆற்றிய உரை)



மருத்துவர்கள், செவிலியர், ஊழியர்கள், இந்நேரம் படுக்கையில் இருக்கும் நோயாளர் ஆகிய எல்லாருடைய சார்பிலும் நன்றி சொல்லவே வந்திருக்கிறோம். நடந்தவர்களுக்கு நன்றி. நடக்கிறவர்களை நம்பிக் காணிக்கை எழுதிக் கொடுத்தவர்களுக்கு நன்றி. விடியுமுன் எழுந்து இட்லி அவித்துப் பொட்டலம் கட்டிய பெண்கள் ஐக்கிய சங்கத்தாருக்கும், தண்ணீர்க் குடத்தோடு வழியில் காத்து நின்ற வாலிபருக்கும் நன்றி. சேர்ந்த தொகையைப் பொருளாளர் அறிவிப்பார். அந்த மகிழ்ச்சியை அவருக்கே விட்டுவிட்டு, நீங்கள் நடந்த பாதையைக் குறித்துச் சில வார்த்தைகள் பேச விரும்புகிறோம்.

நீங்கள் அச்சிட்ட அழைப்பிதழில் ஒரு வரி இருந்தது. "பாதை முழுவதும் சமதளம், மேடு பள்ளம் இல்லை, யாவரும் நடக்கலாம்" என்று போட்டிருந்தீர்கள். இராயபுரத்தில் தொடங்கிச் சாந்தோமில் முடியும் அந்தப் பாதை உண்மையிலேயே சமதளமானதுதான். சென்னை நகரம் கடலோரச் சமவெளியில் விரித்துப் போட்ட பாயைப் போலக் கிடக்கிறது. ஆனால் அந்த அழைப்பிதழ் எங்கள் மருத்துவமனை அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்டபோது, சக்கர நாற்காலியில் இருந்த ஒரு வாலிபர் அதை வாசித்துவிட்டு, "யாவரும் என்றால் நாங்களும் உண்டா ஐயா?" என்று கேட்டார். அவர் குறை சொல்லவில்லை, சிரித்துக்கொண்டுதான் கேட்டார். ஆனாலும் அந்தக் கேள்வி எங்களோடேயே பாதை முழுவதும் நடந்து வந்தது. சமதளமான பாதை உண்மையில் யாருக்குச் சமதளம் என்பதுதான் இன்று நாம் சிந்திக்க வேண்டிய காரியம்.

எம்மாவு வழி

நீங்கள் நடந்த தூரம் ஏறக்குறைய 11 அல்லது 12 கிலோமீட்டர். வேத வாசகர்களாகிய உங்களுக்கு இந்தத் தூரம் புதிதல்ல. எருசலேமுக்கும் எம்மாவுக்கும் இடையே உள்ள தூரத்தை லூக்கா மூலமொழியில் 60 ஸ்தாதி என்று குறித்திருக்கிறார். நம் கணக்கில் அது சுமார் 11 கிலோமீட்டர். துக்கமுகமாய் நடந்துபோன இரண்டு சீஷரோடு உயிர்த்தெழுந்த ஆண்டவர் கூட நடந்தார். தாம் யார் என்பதை அவர் உடனே வெளிப்படுத்தவில்லை. முதலில் அவர்கள் எதைக்குறித்துத் துக்கப்படுகிறார்கள் என்று கேட்டார். பேசவிட்டுக் கேட்டுக்கொண்டே நடந்தார். நடக்கிறவனுக்குத்தான் அந்தச் சலாக்கியம் உண்டு. காரில் போகிறவருக்குக் கட்டிடங்கள் தெரியும். நடக்கிறவருக்கு முகங்கள் தெரியும். ஆகவே நீங்கள் கடந்துபோன இடங்களை இன்னொரு தரம் மெதுவாய்க் கடந்து போவோம்.

இராயபுரம்

நீங்கள் கூடிய இராயபுரம் ரயில் நிலையம் 1856-ல் திறக்கப்பட்டது. தென்னிந்தியாவின் முதல் ரயில் இங்கிருந்துதான் வாலாஜா ரோட்டுக்குப் புறப்பட்டது. அரசியல் சரித்திரம் தெரிந்தவர்கள் 1949-ல் திராவிட முன்னேற்றக் கழகம் தொடங்கப்பட்ட ராபின்சன் பூங்காவையும் பார்த்திருப்பீர்கள். ஆனால் எங்களைப் போன்ற மிஷன் ஆஸ்பத்திரிக்காரரின் கண்கள் தேடுவது ரெய்னி மருத்துவமனையை.

ஸ்காட்லாந்து தேசத்திலிருந்து மட்டில்டா மக்பெயில் என்ற இளம் பெண் மருத்துவர் 1888-ல் சென்னைக்கு வந்து, ஒரு சிறிய மருந்தகத்தில் தொடங்கிய ஊழியமே, 1914-ல் இராயபுரத்தில் ரெய்னி மருத்துவமனையாக எழும்பியது. அந்நாட்களில் சென்னையில் மருத்துவமனைகள் இல்லாமல் இல்லை. பொது மருத்துவமனை இராயபுரத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில்தான் இருந்தது. வழியில் மலையும் இல்லை, ஆறும் இல்லை. ஆனால் ஓர் ஆண் வைத்தியர் தன் கையைப் பிடித்து நாடி பார்க்கச் சம்மதியாத வீட்டில் பிறந்த பெண்ணுக்கு அந்தச் சமதளமான சாலை கடக்கக்கூடாத மலையாயிருந்தது. பிரசவ வேதனையில் எத்தனையோ தாய்மார் அந்த மலையின் அடிவாரத்திலேயே மரித்தார்கள். ஒரு பெண் மருத்துவர் வந்து உட்கார்ந்தபோது அந்த மலை பெயர்ந்தது. மிஷன் மருத்துவமனை என்பது இதுதான் என்று நாங்கள் விளங்கிக்கொண்டிருக்கிறோம். சாலை இருந்தும் வரமுடியாதவருக்குச் சாலையைச் சமமாக்குவதே அதன் வேலை.

மதிலும் சந்துகளும்

இராயபுரத்தை விட்டுப் பழைய சிறைச்சாலைச் சாலையில் நடந்தீர்கள். பிரெஞ்சுக்காரர் 1758-59-ல் சென்னையை முற்றுகையிட்ட பின்பு, கறுப்பர் பட்டணம் என்று அன்று அழைக்கப்பட்ட ஜார்ஜ் டவுனைச் சுற்றிக் கட்டிய மதிலின் ஒரு துண்டு அங்கே மிஞ்சியிருக்கிறது. பின்னாளில் அதன் மேல் பூங்கா அமைத்து மாடிப் பூங்கா என்று பெயரிட்டார்கள். உங்கள் பாதையில் மேடு என்று சொல்லக்கூடியது அது ஒன்றுதான். அதுவும் மனுஷர் கட்டிய மேடு. அந்த மதிலுக்காகக் குடிகளிடம் வரி வாங்க நினைத்து வாங்காமலே விட்டார்கள் என்றும், அதன் ஞாபகமாய் நிற்கும் பெயர்தான் வால்டாக்ஸ் சாலை என்றும் சொல்லுவார்கள்.

அந்தச் சாலைகளின் இருபுறமும் உள்ள சந்துகளை எட்டிப் பார்த்தீர்களா? ஒரே அறையில் ஒரு குடும்பம் முழுவதும் படுத்து எழும்பும் வீடுகள் இன்றும் உண்டு. இவற்றைப் போன்ற வீடுகளில்தான் உலக வைத்தியத்தை மாற்றிய ஒரு காரியம் நடந்தது. நம்முடைய பட்டணத்தில் நடந்ததை நாமே அதிகம் அறியோம். ஆகவே சற்று விவரமாய்ச் சொல்லுகிறோம்.

காசநோய் வந்தால் சானடோரியத்தில் மாதக்கணக்கில், சில வேளை வருஷக்கணக்கில் படுத்திருக்க வேண்டும் என்பது அக்காலத்து விதி. நல்ல காற்று, நல்ல ஆகாரம், பூரண ஓய்வு இவை இல்லாமல் நோய் குணமாகாது என்று நம்பினார்கள். ஆனால் நோயாளர் லட்சக்கணக்கில். படுக்கைகளோ மிகச் சொற்பம். 1956-ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகியவை சேர்ந்து சேத்துப்பட்டில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தைத் தொடங்கின. சென்னையின் ஏழை நோயாளரில் ஒரு பாதிப் பேரைச் சானடோரியத்தில் சேர்த்தார்கள். மறு பாதிப் பேருக்கு அவர்கள் வீட்டில் இருக்கும்போதே அதே மாத்திரைகளை ஓர் ஆண்டு கொடுத்தார்கள். 1959-ல் முடிவு வெளியாயிற்று. நெருக்கமான வீட்டில், குறைந்த ஆகாரத்தில், வேலைக்கும் போய்க்கொண்டு மருந்து சாப்பிட்டவர்களும் ஏறக்குறைய சானடோரியத்தில் இருந்தவர்களுக்கு இணையாகக் குணமடைந்தார்கள். வீட்டில் இருந்த மற்றவர்களுக்கு அதனால் அதிக ஆபத்து நேரிடவும் இல்லை.

இதைச் சாதித்தது மாத்திரை மட்டுமல்ல. நோயாளர் மருந்தை ஒழுங்காய்ச் சாப்பிடுகிறார்களா என்று பார்க்கச் சுகாதாரப் பணியாளர்கள், முன்னறிவிப்பின்றி வீடு வீடாய்ச் சென்றார்கள். சந்து சந்தாய் நடந்த அந்தக் கால்களும் சேர்ந்துதான் அந்த முடிவைக் கொண்டுவந்தன. நோயாளியால் வர முடியாவிட்டால் வைத்தியம் அவரிடம் நடந்து போக வேண்டும். இன்று உலகமெங்கும் காசநோயை வீட்டிலிருந்தபடியே குணப்படுத்துகிறார்கள் என்றால், அதற்கு வழி காட்டிய பட்டணம் இது.

பேருந்துக் காசு

சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு எதிரே உள்ள அரசு பொது மருத்துவமனை, 1664-ல் கோட்டைக்குள் கம்பெனிச் சிப்பாய்களுக்காக ஒரு வீட்டில் தொடங்கி, 1772-ல் இப்போதிருக்கும் இடத்துக்கு வந்தது. காலை வேளையில் அந்த வாசலைக் கடந்தவர்கள், கையில் எக்ஸ்ரே உறையோடும் சாப்பாட்டுப் பையோடும் ரயிலைவிட்டு இறங்கி வருகிறவர்களைக் கண்டிருப்பீர்கள். தூரம் என்பது கிலோமீட்டரில் மாத்திரம் இல்லை என்பதற்கு அவர்களே சாட்சி.

எங்கள் மருத்துவமனைக்கு ஒரு விவசாயக் கூலியாளர் வருவார். பல ஆண்டாய்ச் சர்க்கரை வியாதி. வலது பாதத்தில் ஆறாத புண். வாரம் இரண்டு தரம் வந்து கட்டுப் போட்டுக்கொள்ள வேண்டும். உங்கள் காணிக்கையால் கட்டுக்கும் மருந்துக்கும் அவரிடம் ஒரு காசும் வாங்குவதில்லை. ஆறு வாரத்தில் புண் நன்றாய் ஆறிவந்தது. பிறகு மனிதரைக் காணோம். ஒரு மாதம் கழித்துக் காய்ச்சலோடு தூக்கிக்கொண்டு வந்தார்கள். இரண்டு விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று. படுக்கையருகே உட்கார்ந்து, ஏன் வராமல் இருந்தீர்கள் என்று கேட்டபோது, அவர் மெதுவாய்ச் சொன்னார்: "கட்டுக்குக் காசு வேணாம்னு நீங்க சொல்லிட்டீங்க ஐயா. பஸ்ஸுக்கு யாரு அப்படிச் சொல்றாங்க? கூட வர்ற மவனுக்கு அன்னைக்குக் கூலியும் போயிடுதே."

2021 மே மாதம் முதல் நமது மாநிலத்தில் பெண்கள் சாதாரண நகரப் பேருந்துகளில் கட்டணமின்றிப் போகிறார்கள். அதற்குப் பின் எத்தனை தாய்மார் தவறாமல் மறுபரிசோதனைக்கு வருகிறார்கள் என்பதை வெளிநோயாளர் பிரிவில் இருக்கிற நாங்கள் கண்ணாரக் காண்கிறோம். ஒரு சிறு சலுகை எவ்வளவு பெரிய பள்ளத்தை நிரப்புகிறது! ஆனால் ஆண்களுக்கும், கூட வருகிறவரின் ஒரு நாள் கூலிக்கும், தூரத்துக் கிராமங்களிலிருந்து இரண்டு வண்டி மாறி வருகிறவர்களுக்கும் பள்ளம் அப்படியே இருக்கிறது. ஏழை நோயாளர் நிதியில் இவ்வாண்டு முதல் வழிச் செலவுக்கென்று ஒரு பங்கு ஒதுக்க மருத்துவமனை ஆட்சிக் குழு தீர்மானித்ததற்கு அந்தக் கூலியாளரின் வார்த்தையே காரணம். நீங்கள் நடந்து சேர்த்த பணம் முதலாவது அவரைப் போன்றவர்களின் பேருந்துச் சீட்டாகும். ஆஸ்பத்திரிக்குக் கொடுத்த காணிக்கை நடத்துநரின் பைக்குப் போகிறதே என்று ஒருவரும் எண்ண வேண்டாம். பேருந்தில் ஏற்றிவிடப்படாதவர் அறுவைச் சிகிச்சை மேஜையில் ஏற வேண்டியிருக்கிறது.

பூங்கா பெஞ்சு

1859-ல் சென்னையின் ஆளுநராய் வந்த டிரெவெல்யன், இந்தப் பகுதியில்தான் குடிமக்களுக்கென்று மக்கள் பூங்காவை ஏற்படுத்தினார். அதில் பெரும்பகுதி இன்று கட்டிடங்களாகிவிட்டது. ரிப்பன் மாளிகையின் பின்புறம் உள்ள மை லேடீஸ் பூங்கா அதன் எச்சமாய் நிற்கிறது. அங்கே நீங்கள் இட்லிப் பொட்டலத்தைப் பிரித்தபோது, ஒரு பெரியவர் ஒவ்வொரு பெஞ்சாக உட்கார்ந்து உட்கார்ந்து நடப்பதை எங்களில் சிலர் கவனித்தோம். இருதய நோயாளர் தூரத்தை அப்படித்தான் அளக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு பெஞ்சிலிருந்து அடுத்த பெஞ்சு மட்டும்தான் கணக்கு. பெஞ்சு இல்லாத சமதளமான சாலையில் அவர்களால் நடக்க முடியாது. சபையாரில் யாராவது தங்கள் ஊர் ஆஸ்பத்திரி வாசலில், பேருந்து நிறுத்தத்தில், ஆலய வளாகத்தில் ஒரு பெஞ்சு போட்டுக் கொடுத்தால், அதுவும் மருத்துவ ஊழியமே.

நாலு பேர்

கோட்டையையும், அதற்குள் 1680-ல் பிரதிஷ்டை செய்யப்பட்ட தூய மரியாள் ஆலயத்தையும் இடப்புறம் விட்டு, நேப்பியர் பாலத்தில் கூவத்தைக் கடந்து கடற்கரைக்கு வந்தீர்கள். 1884-ல் கிராண்ட் டஃப் என்ற ஆளுநர் அமைத்த மெரினா உலாச் சாலை உங்களை வரவேற்றது.

அங்கே உழைப்பாளர் சிலை நிற்கிறது. சிற்பி ராய் சௌத்ரி வடித்து 1959-ல் நிறுவப்பட்டது. நான்கு பேர் சேர்ந்து ஒரு பெரும் பாறையைப் பெயர்க்கிறார்கள். அதைப் பார்த்தபோது கப்பர்நகூமில் திமிர்வாதக்காரனைச் சுமந்து வந்த நான்கு பேரின் நினைவு எங்களுக்கு வந்தது. அந்தச் சம்பவத்தில் நோயாளிக்கும் ஆண்டவருக்கும் இடையே இருந்த தூரம் ஒரு வாசல்படி அளவுதான். ஆனால் ஜனக்கூட்டம் வழியை அடைத்து நின்றது. நான்கு பேரும் கூரையைப் பிரித்து வழி உண்டாக்கினார்கள். ஆண்டவர் அந்த நால்வருடைய விசுவாசத்தையும் கண்டார் என்று மாற்கு எழுதுகிறார். அவர்கள் பெயர் நமக்குத் தெரியாது. காணிக்கை கொடுக்கிறவர்களில் பலர், தங்கள் பெயரை இந்த இதழில் போட வேண்டாம் என்று எழுதுகிறார்கள். அவர்களை நாங்கள் அந்த நால்வரோடு சேர்த்தே ஜெபத்தில் நினைக்கிறோம்.

சற்றுத் தள்ளி, 1968 உலகத் தமிழ் மாநாட்டை ஒட்டி நிறுவப்பட்ட சிலைகளில் கால்டுவெல் ஐயருடைய சிலை இருக்கிறது. திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் எழுதியவர் என்று யாவரும் அவரை அறிவர். 1838-ல் சென்னைக்கு வந்த அவர், 1841-ல் திருநெல்வேலி நாட்டுக்கு ஊழியம் செய்யப் போனபோது, இங்கிருந்து கால்நடையாகவே போனார் என்பது உங்களில் சிலருக்குப் புதிதாய் இருக்கலாம். வழிநெடுக ஜனங்களோடு பேசி, அவர்கள் வாழ்க்கையைக் கண்டு, அவர்கள் தமிழைக் கேட்டுக்கொண்டு நடந்தார். அவருடைய பின்னாளைய ஊழியமும் கல்வியும் அந்த நடையில் வேர் பிடித்தவை என்றே நாங்கள் எண்ணுகிறோம்.

உணர்வில்லாத பாதம்

கடற்கரைச் சாலையில் உங்களில் பலர் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு நொண்டியதைப் பார்த்தோம். ஒரு சகோதரி, "கொப்புளம் வந்துவிட்டது ஐயா, இனி ஓர் அடி வைக்க முடியாது" என்று உட்கார்ந்துவிட்டார். அவருக்கு நாங்கள் சொன்னதை உங்களுக்கும் சொல்லுகிறோம்: அந்த வலிக்காக ஆண்டவரை ஸ்தோத்திரியுங்கள்.

கொல்லிமலையில் மிஷனரிப் பெற்றோருக்கு 1914-ல் பிறந்த டாக்டர் பால் பிராண்ட், 1946-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். குஷ்டரோகத்தால் விரல்கள் தாமாகவே அழுகி விழுகின்றன என்று உலகம் நம்பியிருந்த காலம் அது. அவர் நோயாளரைக் கூடவே இருந்து கவனித்தார். நோய் நரம்பைத் தாக்கி உணர்வைப் போக்குகிறது. உணர்வு போனவர் நெருப்பில் கை வைத்தாலும் ஆணியை மிதித்தாலும் அறிவதில்லை. அறியாமல் நடந்து நடந்து புண்ணைப் பெரிதாக்கிக்கொள்கிறார் என்று எடுத்துக் காட்டினார். வலி தேவன் கொடுத்த காவற்காரன் என்பது அவருடைய வாழ்நாள் உபதேசமாயிருந்தது.

இன்று குஷ்டரோகம் குறைந்திருக்கிறது. ஆனால் சர்க்கரை வியாதி அதே வேலையைச் செய்கிறது. அந்தச் சகோதரிக்குக் கொப்புளம் வந்தவுடன் வலி, "நில்" என்றது, நின்றார், மூன்று நாளில் ஆறியிருக்கும். எங்கள் கூலியாளருக்கு அப்படிச் சொல்ல ஒருவரும் இல்லை. செருப்புக்குள் கிடந்த ஒரு சிறு கல்லோடு அவர் நாள் முழுவதும் நடந்தார். உணர்வில்லாத பாதத்துக்குத் தார்ச்சாலையும் முள்வழிதான்.

ஆகவே எங்கள் செருப்புத் தைக்கும் அறையில், எம்.சி.ஆர். என்று சொல்லப்படும் மிருதுவான ரப்பரை உள்ளடியாய் வைத்து, ஒவ்வொருவரின் பாதத்தையும் காகிதத்தில் வரைந்து அளவெடுத்துச் செருப்பு செய்கிறோம். அது உடல் பாரத்தைப் பாதம் முழுவதும் பரவச் செய்கிறது. ஒரே இடம் அழுந்திப் புண்ணாவதைத் தடுக்கிறது. ஆணி அடிப்பதில்லை, ஒட்டியும் தைத்தும்தான் செய்கிறோம். தேய்ந்தவுடன் மாற்ற வேண்டும். அந்தக் கூலியாளர் இப்போது அந்தச் செருப்போடுதான் நடக்கிறார். ஒவ்வொரு இரவும் அவர் மகள் விளக்கைப் பிடித்து அப்பாவின் உள்ளங்காலைப் பார்க்கிறாள். சர்க்கரை வியாதி உள்ளவர்கள் இந்தக் கூட்டத்திலும் இருப்பீர்கள். வெறுங்காலோடு நடக்காதிருங்கள், செருப்பைப் போடுமுன் உதறிப் பாருங்கள், தினமும் பாதத்தைப் பாருங்கள், குனிய முடியாதவர்கள் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியைத் தரையில் வைத்துப் பாருங்கள். இது குருவானவர் சொல்லும் ஆலோசனையானாலும், மருத்துவர்களிடம் கேட்டறிந்ததுதான்.

மணலில் ஒரு சாலை

சக்கர நாற்காலி வாலிபரின் கேள்விக்கு மெரினாவில் ஒரு பதில் இருக்கிறது. கடற்கரைச் சாலை எத்தனை சமமாயிருந்தாலும், அதற்கும் அலைக்கும் நடுவே அகன்ற மணல் கிடக்கிறது. மணலில் சக்கரம் புதையும். இந்தப் பட்டணத்திலேயே பிறந்து, அலையில் ஒருநாளும் காலை நனைத்திராதவர்கள் பலர் இருந்தார்கள். 2022 நவம்பரில் அவர்களுக்காக மணலின் மேல் 263 மீட்டர் நீளத்துக்கு மரப்பலகைப் பாதை ஒன்று திறக்கப்பட்டது. சக்கர நாற்காலியில் இருந்தவர்கள் அதில் வரிசையாய்ப் போய்க் கடலைக் கண்டார்கள். அடுத்த மாதமே மாண்டஸ் புயலில் அந்தப் பாதை சேதமடைந்தது. அதோடு விட்டுவிடாமல் திரும்பவும் செப்பனிட்டார்கள். நல்ல வேலை ஒரே தரம் செய்து முடிகிறதல்ல என்பதை ஊழியத்தில் இருக்கிற நாம் அறிவோம்.

நமது மருத்துவமனை ஜெப ஆலயத்தின் வாசலில் மூன்று படிகள் இருந்ததைப் பழைய நண்பர்கள் அறிவார்கள். ஒரு படி அரை அடி. மூன்றும் சேர்ந்து ஒன்றரை அடி உயரம்தான். குழந்தையும் தாண்டிவிடும். ஆனால் சக்கர நாற்காலிக்காரர்கள் வேப்பமரத்தடியில் இருந்தே ஆராதனையைக் கேட்பார்கள். சக்கர நாற்காலி பத்திரமாய் ஏற, ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளச் சரிவு வேண்டும் என்பது விதி. ஆகவே ஒன்றரை அடிக்காகப் பதினெட்டு அடிச் சரிவுப் பாதை கட்ட வேண்டியிருந்தது. சென்ற ஆண்டில் உங்கள் காணிக்கையால் அது கட்டி முடிந்தது. அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை அந்த வாலிபர் ஒருவர் துணையும் இன்றித் தாமே சக்கரத்தைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்து, முன் வரிசையில் இருந்து வேத பாடம் வாசித்தார். அன்று வாசிக்க வேண்டிய பகுதி, பள்ளங்கள் உயர்த்தப்பட்டு மலைகள் தாழ்த்தப்படும் என்று ஏசாயா சொன்ன பகுதியாய் அமைந்தது. பிரசங்கம் செய்ய எங்களுக்கு அதற்குமேல் அதிகம் இருக்கவில்லை.

சாந்தோம்

கலங்கரை விளக்கத்தைத் தாண்டி, மீனவர் குடியிருப்புகளை ஒட்டிச் சாந்தோமுக்கு வந்தீர்கள். 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலையில், இதே கரையில் நடக்க வந்தவர்களையும், விளையாட வந்த பிள்ளைகளையும், வலை உலர்த்திக்கொண்டிருந்தவர்களையும் கடல் வாரிக்கொண்டது. சமதளமான கரை என்பதால் அலைக்குத் தடை இல்லாமல் போயிற்று. அந்த இடத்தில் நீங்கள் சில நிமிடம் மௌனமாய் நின்று ஜெபித்தது நன்று.

பயணம் முடிந்த இடம், அப்போஸ்தலனாகிய தோமா அடக்கம் செய்யப்பட்ட இடம் என்று பாரம்பரியமாய்ப் போற்றப்படுவது. இன்று காணும் ஆலயம் 1896-ல் கட்டி முடிக்கப்பட்டது. தோமாவைச் சந்தேகக்காரன் என்று சொல்லிப் பழகிவிட்டோம். மருத்துவமனையில் இருக்கிற எங்களுக்கு அவரை வேறுவிதமாய்ப் பார்க்கத் தோன்றுகிறது. மற்றவர்கள் சொல்லக் கேட்டது போதும் என்று அவர் இருந்துவிடவில்லை. காயத்தைக் காண வேண்டும், தொட வேண்டும் என்றார். காயத்தண்டை வந்தபோதுதான் ஆண்டவரை அறிந்துகொண்டார். தூரத்தில் இருந்து அனுதாபப்படுவது எளிது. கிட்ட வந்து காயத்தைக் காண்கிறவர்கள் சிலரே. 12 கிலோமீட்டர் நடந்து, இன்றைக்கு நோயாளரின் கதையைக் கேட்க வந்திருக்கும் நீங்கள் அந்தச் சிலரில் இருக்கிறீர்கள்.

முடிவாக உங்களிடம் மூன்று காரியங்களைக் கேட்கிறோம். வழிச் செலவுக்கும் செருப்புக்கும் நீங்கள் தொடங்கியிருக்கிற இந்த உதவியை ஒரே ஆண்டோடு நிறுத்தாதிருங்கள். புண் ஆறுகிற காலம் நம் உற்சாகத்தைவிட நீளமானது. இரண்டாவது, உங்கள் சொந்தச் சபை வாசலுக்கு ஒரு தரம் சக்கர நாற்காலியோடு போய்ப் பாருங்கள். எந்தப் படியில் நிற்கிறது என்று கண்டு, அங்கே ஒரு சரிவு கட்டுங்கள். மூன்றாவது, அடுத்த ஆண்டின் நடைப் பயணத்துக்கு அழைப்பிதழ் அச்சிடுமுன், வாலிபர் இரண்டு பேர் ஒரு காலிச் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு பாதை முழுவதும் போய் வரட்டும். சக்கரம் நிற்கும் இடங்களைக் குறித்து வைத்து, அவற்றைத் தவிர்க்கும் பாதையைத் தெரிந்துகொள்ளுங்கள். தூரம் குறைந்தாலும் பாதகமில்லை. அந்த வாலிபரும் அவருடைய நண்பர்களும் உங்களோடு வர ஆயத்தமாயிருக்கிறார்கள். அப்போது "யாவரும்" என்ற வார்த்தையை நீங்கள் தைரியமாய் அச்சிடலாம்.

நடந்த உங்கள் கால்களையும், கொடுத்த உங்கள் கைகளையும் கர்த்தர் ஆசீர்வதிப்பாராக. துக்கமுகமாய் நடக்கிறவர்களோடு கூட நடக்கிற ஆண்டவர், நமது மருத்துவமனையின் ஒவ்வொரு வார்டிலும் உங்கள் ஒவ்வொருவர் இல்லத்திலும் தங்கியிருப்பாராக. ஆமென்.